காப்புக் கட்டிய கையில் ஓட்டு மை

செந்தில், கோமதி, ரெண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து இதைப் படியுங்கள். கடையில் நம்மோடு வேலை செய்கிற பிள்ளைகளுக்கும் படித்துக் காட்டுங்கள். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். எழுத்தில் கோணல்மாணல் இருக்கும். சிரிப்பதாக இருந்தால் படித்து முடித்த பிறகு சிரியுங்கள்.

போன வாரம் கோமதி போன் செய்து, "கோயில் கமிட்டிக்காரங்க வந்திருந்தாங்கப்பா. வளவுப் பசங்க போடற கூட்டத்துக்கு மட்டும் மைக்செட் குடுக்காதீங்கன்னு சொல்றாங்க. குடுத்தா நோம்பிக்கு நம்மளக் கூப்பிட மாட்டாங்களாம்" என்றாள். நான் போனில் ஏதோ மென்று விழுங்கிவிட்டு வைத்துவிட்டேன். அது சரியில்லை என்று பிறகு தோன்றியது. அதனால்தான் எழுதுகிறேன்.

ஹாரன் குழாயை எந்தப் பக்கம் திருப்புவது, வயரை எங்கே இழுப்பது என்பதெல்லாம் இன்றைக்கு உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அதை விட்டுவிடுகிறேன். நம் தொழிலில் கடினமான நேரம் வேறு. ஊரில் யார் பேசலாம், யார் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும் என்று ஒருவர் முடிவு செய்துவிட்டால், அவர் நேராக நம்மிடம்தான் வருவார். ஏனென்றால் ஸ்விட்ச் நம் கையில் இருக்கிறது. அப்போது யோசிக்க நேரம் கிடைக்காது. எனக்கு அப்படி ஒரு நேரம் வந்தது.

கேரளத்துக்குள் இருக்கிற எருத்தேன்பதிப் பக்கத்தில் நம் ஊர் மாரியம்மன் நோம்பி எப்படி நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். கடைப் பிள்ளைகளில் வெளியூர்க்காரர்கள் இருப்பதால் சொல்கிறேன். நோம்பி சாட்டி, ஊருக்கு அறிவித்ததும் கோயில் முன்னால் கவட்டை மரம் ஒன்றைக் கம்பமாக நடுவார்கள். பெண்கள் தினமும் அதற்கு மஞ்சள் தண்ணீர் ஊற்றுவார்கள். பூசாரிக்கும், தீச்சட்டி எடுக்கிறவர்களுக்கும், வேண்டுதல் இருக்கிற சிலருக்கும் கையில் காப்புக் கட்டுவார்கள். மஞ்சள் துணியில் ஒரு மஞ்சள் துண்டை முடிந்து, ஆணுக்கு வலது கையிலும் பெண்ணுக்கு இடது கையிலும் கட்டுவது. காப்புக் கட்டியவர் கவிச்சி தொடக்கூடாது, சவரம் செய்யக்கூடாது, நோம்பி முடிந்து பூசாரி அவிழ்த்துவிடும் வரைக்கும் ஊர் எல்லையைத் தாண்டக்கூடாது. நம் ஊருக்கு மேற்கே எல்லை எது? ஓடை.

அது எழுபத்தேழாம் வருஷம். அவசர நிலை என்று சொல்லிக் கூட்டம் போடக்கூடாது, கூடி நிற்கக்கூடாது என்றிருந்த காலம் தளர்ந்து, தேர்தல் அறிவித்திருந்தார்கள். அதற்கு முன்னால் ரொம்ப நாளாக என் மைக்கில் அம்மன் பாட்டும் கல்யாணப் பாட்டும் குடும்பக் கட்டுப்பாட்டு ஜீப்புக்காரர்களின் அறிவிப்பும் தவிர வேறெதுவும் கேட்டதில்லை. தேர்தல் நாள் சரியாக நோம்பிக்கு நடுவில் வந்து விழுந்தது.

அந்த வருஷம் கோயிலில் ஒரு புது அதிசயம் நடந்தது. தெற்கு வளவில் இருந்த கூலிக்காரக் குடும்பங்கள் அதுவரைக்கும் கோயில் வீதி முனையில் நின்றுதான் கும்பிடுவார்கள். கம்பத்துக்கு அவர்களைக் கிட்டே விட்டதில்லை. அந்த வருஷம் கோயில் பெரியதனக்காரரே வளவுக்கு ஆள் அனுப்பி எல்லாரையும் கூப்பிட்டார். ஊர் நிலத்தில் பாதி அவர் குடும்பத்துடையது. நோம்பி எப்போது சாட்டுவது, யாருக்கு என்ன மரியாதை என்பதெல்லாம் அவர் வாயிலிருந்து வந்தால்தான் சட்டம். அவர் பக்கத்தில் நின்று பார்க்க, பூசாரி வளவில் வயசுக்கு வந்த அத்தனை பேருக்கும் காப்புக் கட்டினார். ஆண், பெண், கிழவர் ஒருவர் பாக்கியில்லை.

கடலைக்காட்டுக்குக் களையெடுக்கப் போகிற பெண்களுக்கு மூப்பாக நின்று வேலை பிரித்துவிடுகிறவள் மருதாயி. அவள் கையைத் தூக்கி என்னிடம் காட்டினாள்.

"மைக்குக்காரரே, பாத்தீங்களா? ஆத்தா இந்த வருசந்தான் எங்களக் கண்ணெடுத்துப் பாத்திருக்கறா."

"பாத்தேன் அம்முணி. எனக்குந்தான் கட்டிருக்குது" என்று என் கையைக் காட்டினேன். நோம்பி முடியும்வரை நான் கோயில் பந்தலிலேயே கிடக்கிறவன் என்பதால் எனக்கும் கட்டியிருந்தார்கள். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. காலம் மாறுகிறது என்று நினைத்தேன். அங்கே நின்ற எல்லாரும் அப்படித்தான் நினைத்தோம்.

தேர்தலுக்கு முந்தின சாயங்காலம். பூசைக்குக் கூட்டம் சேர்ந்துகொண்டிருந்தது. பெரியதனக்காரர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு என் மேசைக்கு வந்தார்.

"ராசு, பூசைக்கு முன்னால ஒண்ணு சொல்லோணும். காப்புக் கட்டுனவிய ஆரும் நாளைக்கு ஓடையத் தாண்டப்படாது. தாண்டுனா ஊருக்கே குத்தம். ஆத்தா உத்தரவுன்னு சொல்லு. ரெண்டு தடவ நல்லா அழுத்திச் சொல்லு."

வருஷா வருஷம் சொல்கிற சங்கதிதான். நானும் சரியென்று மைக்கைக் கையில் எடுத்துவிட்டேன். வாய்க்குக் கிட்டே கொண்டுபோன பிறகுதான் மண்டையில் உறைத்தது. நாளைக்கு ஓட்டு. ஓட்டுச்சாவடி சின்னப் பிள்ளைகள் படிக்கிற எல்.பி. ஸ்கூலில். ஸ்கூல் ஓடைக்கு அந்தப் பக்கம்.

நான் அவர் கையைப் பார்த்தேன். வருஷா வருஷம் முதல் காப்புக் கட்டுகிற கை, வெறுமனே இருந்தது. பக்கத்தில் நின்ற அவர் தம்பியின் கையிலும் இல்லை. அவர்கள் வீதியில் ஓட்டு இருக்கிற ஒரு ஆளுக்குக்கூட அந்த வருஷம் காப்பு இல்லை. வளவு முழுக்க இருந்தது.

"ஏனுங்க, நாளைக்கு ஓட்டுங்களே" என்றேன்.

"ஆமா. அதுக்கென்ன?"

"ஸ்கூலு ஓடைக்கு அக்கட்டால இருக்குதுங்களே."

"ஸ்கூலை நானா தூக்கிட்டுப் போயி அங்க வெச்சேன்?"

"இந்த வருசம் நீங்க காப்புக் கட்டலீங்களா?"

"எனக்கு ஒடம்பு ஆகாது. வெரதம் தாங்காது."

"தம்பிக்குங்க?"

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இத பாரு. நீ மைக்குக்காரன். சொல்றதைச் சொல்லு. நாயம் பேசறது உன்ற வேலை இல்ல."

அந்த வார்த்தை என்னைக் குத்தியதற்குக் காரணம், நானே அதுவரைக்கும் அப்படித்தான் சொல்லிக்கொண்டு திரிந்தேன். நமக்கென்ன, நாம் வெறும் குழாய், யார் ஊற்றினாலும் அந்தப் பக்கம் போகும் என்று பெருமையாகச் சொல்வேன்.

கூட்டம் பார்த்துக்கொண்டிருந்தது. சட்டென்று இரண்டு வழிதான் தெரிந்தது. அவர் சொன்னபடி சொல்லலாம். அல்லது செட்டை அணைத்துவிட்டு வீட்டுக்குப் போகலாம். இரண்டாவது வீரமாகத் தெரியும். ஆனால் நான் போய்விட்டால் என்ன ஆகும்? அவர் ஆட்கள் வளவுக்குப் போய் வீடு வீடாக, காதோடு காதாகச் சொல்வார்கள். ஆத்தா பேரால் சொல்வார்கள். அங்கே யாரும் எதிர்த்து ஒரு வார்த்தை கேட்க முடியாது. சொல்கிறதை எல்லார் முன்னாலும், சொல்கிறவர் பேரிலேயே சொல்லட்டும் என்று பட்டது.

"சொல்றனுங்க" என்றேன். "ஆனா, பெரியதனக்காரர் சொல்றாங்கன்னு உங்க பேரச் சொல்லித்தான் சொல்லுவேன். ஆத்தா உத்தரவுன்னு சொல்ல மாட்டேன். ஆத்தா எங்கிட்ட ஒண்ணுஞ் சொல்லலீங்க."

"உங்கிட்ட எதுக்குடா சொல்லோணும்? பூசாரிகிட்டச் சொல்லுவா."

நான் பூசாரியைத் திரும்பிப் பார்த்தேன். "சொன்னாளுங்களா?"

பூசாரி விபூதித் தட்டைப் பார்த்துக்கொண்டே, "சாட்டுப் போட்டா எல்லை எல்லைதானப்பா" என்றார். அவர் பொய்யும் சொல்லவில்லை, உண்மையும் சொல்லவில்லை. அவர் குடியிருந்த வீடும் கோயில் வீடு. பாவம்.

பெரியதனக்காரருக்குக் கோபம் வந்துவிட்டது. "குடுறா இக்கட்டால" என்று என் கையிலிருந்து மைக்கைப் பிடுங்கினார். அவர் அதுவரைக்கும் மைக்கில் பேசியதே இல்லை. பேச வேண்டிய அவசியம் வந்ததில்லை. மைக்கை உதட்டோடு ஒட்டிப் பிடித்துக் கத்தினார். அது கீச்சென்று ஊளையிட்டது. சின்னப் பிள்ளைகள் சிரித்தார்கள். அவர் மைக்கைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டு சொன்னார்.

"எல்லாருங் கேளுங்க. காப்புக் கட்டுனவிய நாளைக்கு ஓடையத் தாண்டப்படாது. ஆத்தா உத்தரவு. ஏற்கெனவே வளவுல ஒரு புள்ளைக்கு ஆத்தா வந்திருக்கறா. இன்னும் அஞ்சாறு புள்ளைகளுக்கு முத்துப் போடோணும்னா தாராளமாப் போங்க. போய் ஓட்டுக் குத்துங்க."

அந்த வார்த்தை எப்படிப்பட்டது என்று உங்கள் காலத்துப் பிள்ளைகளுக்குச் சொன்னால் புரியாது. அம்மை என்றால் அன்றைக்கு வாய்விட்டுப் பேர்கூடச் சொல்ல மாட்டார்கள். உன் அம்மா அப்போது மாசமாக இருந்தாள், செந்தில். உள்ளே இருந்தது நீ.

மருதாயி தீர்த்தம் வாங்குவதற்காகச் சொம்போடு கம்பத்தின் பக்கத்தில் நின்றிருந்தாள். அம்மை வந்திருந்த பிள்ளை அவளுடையது. வள்ளி என்று பேர். சின்னப் பெண். வேப்பிலைப் படுக்கையில் கிடந்தாள்.

"சாமி, அது என்ற புள்ளைங்க" என்றாள் மருதாயி. சத்தம் வரவில்லை. உதடு அசைந்தது எனக்குத் தெரிந்தது, நாலு பேருக்குத்தான் கேட்டிருக்கும்.

உடுக்கைப் பாட்டுக்காரருக்காக இன்னொரு மைக் வைத்திருந்தேன். அது அவளுக்கு ஒரு கை தூரத்தில் கம்பியில் நின்றுகொண்டிருந்தது. நான் எழுந்து போய் அவள் முகத்துக்கு நேராக அதைத் திருப்பினேன். மேசைக்குத் திரும்பி வந்து அதன் சத்தத்தைத் திருகிக் கூட்டினேன். நான் செய்தது அவ்வளவுதான். பேசு என்றுகூடச் சொல்லவில்லை.

"என்ற புள்ளைங்க" என்று அவள் திரும்பச் சொன்னது தென்னை மரத்து ஹாரனில் கேட்டது. தன் குரல் ஊர் முழுக்கப் போவதைக் கேட்டு அவளே ஒரு நிமிஷம் மிரண்டுபோனாள். பிறகு சொம்பை இடுப்பில் ஏற்றிக்கொண்டாள்.

"ராத்திரியெல்லாம் விசிறிட்டு உக்காந்திருக்கறனுங்க. என்ற புள்ளை படுத்துக் கெடக்கறத எடுத்து எங்களுக்கே பூச்சாண்டி காட்டறீங்களே, நாக்குக் கூசலீங்களா சாமி?"

"ஏய், ஆருகிட்டப் பேசறே?"

"உங்ககிட்டத்தானுங்க. காப்புக் கட்டுனப்பச் சந்தோசமா இருந்துச்சுங்க. எங்க பாட்டன் காலத்துல இல்லாத மருவாதின்னு நெனச்சனுங்க. இப்பத்தான தெரியுது, கொம்புல கவுறு கட்டற மாதிரி கட்டிருக்கறீங்க. உங்க கையக் காட்டுங்க பாக்கலாம். உங்க தம்பி கையக் காட்டச் சொல்லுங்க. ஆத்தா உங்களையெல்லாம் உட்டுப்போட்டு எங்கள மட்டும் எல்லையத் தாண்டாதேன்னு சொன்னாளாக்கும்?"

"டேய் ராசு, மைக்கை நிறுத்துடா!"

அவர் கையில் இருந்த மைக்கும் ஓடிக்கொண்டிருந்ததை அவர் மறந்துவிட்டார். ஓடைக்கு அந்தப் பக்கம்வரை கேட்டிருக்கும்.

"நிறுத்த மாட்டேனுங்க" என்றேன். அவருக்குப் பக்கத்தில் நின்றதால் அதுவும் ஹாரனில் போனது. "நீங்க பேசினப்ப நான் நிறுத்தலீங்களே."

கூட்டத்தின் பின்னாலிருந்து வளவுக் கிழவர் சின்னான் குரல் கொடுத்தார். அவருக்கு மைக்கே வேண்டாம், தொண்டை அப்படி.

"போன எலக்சன்ல நான் போறதுக்குள்ள என்ற ஓட்டை எவனோ குத்திட்டுப் போயிட்டான். இந்த எலக்சன்ல ஆளையே கட்டிப் போட்டாச்சு. அடுத்த எலக்சனுக்குப் பாடை கட்டிருவீங்களாட்ட இருக்குது!"

சிரிப்பு கிளம்பியது. முதலில் வளவுப் பக்கம், பிறகு நடுவில், கடைசியில் பெரியதனக்காரர் வீதிப் பெண்கள்கூட முந்தானையில் வாயை மூடிக்கொண்டார்கள். அவர் தம்பி ஓடிவந்து வயரைப் பிடுங்கினான். இன்னொருவன் தென்னை மரத்தில் ஏறி ஹாரனை அறுத்துத் தள்ளினான். அது கீழே விழுந்து வாய் சப்பிப்போனது. ஆம்ப்ளிஃபயரை நான் நெஞ்சோடு அணைத்துத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

உங்கள் அம்மா வாசலிலேயே நின்றிருந்தாள். அவளுக்கு எல்லாம் ஹாரனிலேயே வந்து சேர்ந்திருந்தது.

"நாளைக்கு நீங்க தாண்டுவீங்களா?" என்றாள்.

"தெரியல சரசு. பேசறது வேற. கையில இது இருக்குதே."

"வயித்துப் புள்ளையச் சாக்குச் சொல்லி நின்னறாதீங்க. அவன் பொறந்து வந்து கேப்பான். எனக்குக் காப்பே கட்டல. நான் போயி என்ற ஓட்டைப் போட்டுட்டுத்தான் வருவேன். நீங்க வேணும்னா இக்கட்டால நின்னு பாத்துட்டிருங்க."

இதுதான் உங்கள் அம்மா.

காலையில் ஓடைக்கரைக்குப் போனேன். வளவு ஆட்கள் எல்லாம் வந்திருந்தார்கள். ஆனால் ஒருவரும் இறங்கவில்லை. கரையில் ஆடு மேய்க்கிறவர்கள் மாதிரி குந்திக்கொண்டிருந்தார்கள். ராத்திரி பேசிய பேச்சும் சிரித்த சிரிப்பும் ஓடையைக் கண்டதும் அடங்கிவிட்டன. அதில் நான் குறை சொல்ல மாட்டேன். பெரியதனக்காரர் பேச்சை எதிர்த்துப் பேசிவிடலாம். பிறந்ததிலிருந்து நம்பியதைக் காலால் தாண்டுவது வேறு. நடுவில் கணுக்கால் அளவுதான் தண்ணீர். அதற்கு அப்பால் மணல், அப்புறம் ஸ்கூல் ஓடு தெரிந்தது.

மருதாயி கரையோரம் நின்றிருந்தாள். அவள் முகம் ராத்திரி பூராவும் விழித்த முகம். வள்ளிக்குக் காய்ச்சல் இறங்கவில்லை என்றாள். "போயிட்டு வர்றதுக்குள்ள ஏதாச்சும் ஒண்ணு ஆயிருச்சுன்னா, காலத்துக்கும் நாந்தான் கொன்னேன்னு சொல்லுவாங்க. நானே சொல்லிக்குவேன்" என்றாள்.

பிறகு என்னைப் பார்த்தாள். "ஏனுங்க மைக்குக்காரரே, நேத்து மைக்கைத் திருப்பி உட்டுட்டு உக்காந்துக்கிட்டீங்க. பேசறது நாங்க, பேசவெக்கறது நீங்களா? உங்க கையிலயும் காப்பு இருக்குதல்லோ. காலைத் தூக்குங்க பாக்கலாம்."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டேன். ஆத்தா, நான் உன்னை மீறவில்லை என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே இறங்கினேன். தண்ணீர் சில்லென்று இருந்தது. அந்தப் பக்கம் மணலில் ஏறித் திரும்பிப் பார்த்தேன். வானம் இடியவில்லை.

"பெரியதனக்காரரு ஊட்டு எருமை தெனமும் தாண்டித்தான் மேயுது, அதுக்கு என்ன குத்தம் வந்துச்சு?" என்று சின்னான் வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு இறங்கினார். மருதாயி ஒரு தடவை வளவைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு இறங்கினாள். அவள் இறங்கியதும் கரை காலியானது. உங்கள் அம்மா கடைசியில் வந்தாள். ரெண்டு பெண்கள் அவளைக் கைத்தாங்கலாகப் பிடித்துக் கூட்டிவந்தார்கள்.

சாவடியில் பெரியதனக்காரரின் ஆட்கள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். எங்களைப் பார்த்ததும் ஒருவன் எழுந்து வேகமாக ஊருக்குள் போனான். உள்ளே இருந்த ஆபீசர் மலையாளி, பாலக்காட்டிலிருந்து வந்தவர். வரிசையில் வந்த அத்தனை கையிலும் மஞ்சள் துணி இருப்பதைப் பார்த்து, "எந்தா இது? எல்லார்க்கும் ஒரே திவசம் கல்யாணமோ?" என்று, ஒரே நாளில் கல்யாணமா என்பதைத் தன் மலையாளத்தில் கேட்டார்.

"ஆமாங்க சார்" என்றாள் மருதாயி. "எனக்கும் அந்தப் பொட்டிக்கும்."

அவர் வாய்விட்டுச் சிரித்தார். ஆனால் அவர் பேரைத் தேடுகிறபோது அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். போன தடவை எவளோ அவள் பேரில் குத்திவிட்டுப் போயிருந்தாள். இந்தத் தடவை பேர் அப்படியே இருந்தது. இடது கை விரலில் மை வைத்தார்கள். அதே கையில் மேலே மஞ்சள் காப்பு, கீழே கறுப்பு மை. வெளியே வந்து அதை வெயிலில் பிடித்துப் பார்த்தாள்.

"ஆருக்குப் போட்டே?" என்று கேட்டுவிட்டேன்.

"ஏனுங்க, பெரியதனக்காரருதான் எங்க போறேன்னு கேக்கறாரு. நீங்க எதுல குத்துனேன்னு கேக்கறீங்களா?" என்று சொல்லிவிட்டு ஓடினாள். ஓட்டம் என்றால் ஓட்டம். ஓடையில் தண்ணீர் தெறிக்க ஓடி, வளவுக்குப் போய்த்தான் நின்றாள்.

வள்ளி விழித்துக்கொண்டிருந்தாளாம். கஞ்சி கேட்டாளாம்.

இதோடு நல்லபடியாக முடிந்தது என்று எழுதினால் நான் உங்களுக்குப் பொய் சொன்னவன் ஆவேன். அம்மை அடுத்த சில வீடுகளுக்கும் போனது. வளவிலும் போட்டது, காப்பே கட்டாத வீதியிலும் போட்டது. நல்ல வேளையாக எல்லாப் பிள்ளைகளும் பிழைத்துக்கொண்டார்கள். ஆனாலும் வளவில் போட்டது மட்டும் குற்றம், வீதியில் போட்டது ஆத்தா விளையாட்டு என்று பேசினார்கள். கடலை பிடுங்க வளவு ஆட்களைக் கூப்பிடவில்லை. அவர்கள் ஓடையைத் தாண்டி வேறு ஊர்க் காடுகளுக்கு வேலைக்குப் போனார்கள். தாண்டப் பழகிவிட்டார்கள் அல்லவா. எனக்குக் கோயில் வேலை போனது. உங்களுக்கு விவரம் தெரிந்த பிறகும் ரொம்ப வருஷம் நம் செட் அந்தக் கோயிலில் கட்டாததற்குக் காரணம் இதுதான். சப்பிய ஹாரனைத் தட்டி நிமிர்த்தி ரொம்ப நாள் ஓட்டினேன்.

இன்னொன்றும் செய்தார்கள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. நோம்பி முடிகிற அன்றைக்குப் பூசாரி கம்பத்தடியில் உட்கார்ந்து காப்புகளை அவிழ்த்துக்கொண்டிருந்தார். வளவு ஆட்களோடு நானும் போய் நின்றேன். பூசாரி கையை மடியில் வைத்துக்கொண்டார்.

"எல்லை தாண்டுனவிய காப்பை நான் அவுக்கப்படாதுன்னு உத்தரவு."

"ஆரு உத்தரவுங்க?" என்றேன்.

"கட்டறப்ப வலிய வந்து கட்டுனீங்க" என்றாள் மருதாயி. "அவுக்கறதுக்கு மட்டும் உத்தரவாக்கும்? வாங்கடி போகலாம். என்றதை நீ அவுறு, உன்றதை நான் அவுக்கறேன்." வளவு முழுக்க அன்றைக்கே ஓடையில் போய் ஒருவருக்கொருவர் அவிழ்த்துத் தண்ணீரில் விட்டுவிட்டுக் குளித்து வந்தார்கள்.

நான் போகவில்லை. எனக்கு நம்பிக்கை உண்டு, இன்றைக்கும் உண்டு. முறையாகக் கட்டியதை முறையாக அவிழ்க்க வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தேன். நம் ஊர் நாவிதர் என் கையைப் பார்த்துவிட்டுச் சவரம் செய்ய மாட்டேன் என்றார். தாடி வளர்ந்தது. கவிச்சி தொடவில்லை. ஒருநாள் உங்கள் அம்மா சோற்றைப் போட்டுக்கொண்டே, "ஓட்டுப் போடாதேன்னு சொன்ன உத்தரவைத் தாண்டிட்டீங்க. அவுக்காதேன்னு சொன்ன உத்தரவை மட்டும் கையில கட்டிட்டே திரியறீங்க" என்றாள்.

கோமதி, நீ கேட்டதற்கு இப்போது சொல்கிறேன். கோயில் கமிட்டி செட் கேட்டால் கொடுங்கள். அந்தக் கூட்டத்துக்காரர்கள் கேட்டாலும் கொடுங்கள். சாமி பேரை வைத்து ஒரு உத்தரவை உங்கள் வாயால் சொல்லச் சொன்னால், மைக்கை அவர் கையிலேயே கொடுத்துவிடுங்கள். அவர் பேரில் அவர் சொல்லட்டும். அவர் சொல்லி முடித்ததும் ஸ்விட்சில் கை வைக்காதீர்கள். எதிரே நிற்கிறவர்கள் பேசுகிற வரைக்கும் அது ஓடிக்கொண்டிருக்கட்டும். ஹாரன் போனால் போகட்டும். நோம்பி வேலை போனாலும் போகட்டும். நீங்கள் பட்டினி கிடக்க மாட்டீர்கள், நாங்கள் கிடக்கவில்லை.

உங்கள் அம்மா அப்படிச் சொன்னதற்கு மறுநாள், உச்சி வெயிலில், யாரும் இல்லாத நேரமாகப் பார்த்துக் கோயிலுக்குப் போனேன். கதவு சாத்தியிருந்தது. கம்பத்தை முறைப்படி பிடுங்கிக் கிணற்றில் விட்டுவிட்டதால் அது இருந்த இடத்தில் குழி மட்டும் இருந்தது. குழிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். கட்டியது வலது கை, அவிழ்க்க வேண்டியது இடது கை. தினமும் நனைந்து நனைந்து முடிச்சு கல்லாகியிருந்தது. விரலுக்குப் பிடிபடவில்லை. பல்லால் கடித்து இழுத்தேன். வாயெல்லாம் மஞ்சள் கசந்தது. ரொம்ப நேரம் கழித்து முடிச்சு விட்டது.

"நானே அவுத்துக்கறேன் ஆத்தா" என்று மூடிய கதவைப் பார்த்துச் சொன்னேன். துணியையும் மஞ்சள் துண்டையும் குழிக்குள் வைத்து, இரண்டு கையாலும் மண்ணைத் தள்ளி மூடி, மேலே உள்ளங்கையால் அழுத்திச் சமமாக்கிவிட்டு எழுந்தேன். அப்படியே நடந்து, ஓடையைத் தாண்டி, அந்தப் பக்கத்துக் கடையில் போய்ச் சவரம் செய்துகொண்டேன்.